புள்ளிக்குள் அடங்கும்

"சார் கூடவே வருமே, அது யாருடா?" "அதுவா? அது ஸ்லைடு தள்ற அக்கா." தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்த வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே கேட்கிறான், மற்றவன் வாயில் பிஸ்கட்டோடு பதில் சொல்கிறான். தூணுக்கு இந்தப் பக்கம் நான். கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, கேலிக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இவன் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான். அதுவா. கையில் இருந்த தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது, ஊதினால் ஓரத்துக்குப் போய்ச் சுருங்குகிறது, ஊதுவதை நிறுத்தினால் திரும்பி வந்து உதட்டைத் தொடுகிறது.  கொட்டிவிடலாம் என்று தொட்டியைப் பார்த்தால் அதில் ஊறிப்போன பிஸ்கட்டுகள், பிழிந்த தேயிலைப் பைகள், யாரோ கடித்து வைத்த வாழைக்காய் பஜ்ஜியில் பல் பதிந்த இடம் தெளிவாக. கோப்பையை அப்படியே ஜன்னல் கட்டையில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே புறா எச்சம், வெள்ளையும் சாம்பலுமாக. வைத்த பிறகுதான் பார்த்தேன். அடியில் ஒட்டியிருக்குமோ, ஒட்டினால்தான் என்ன, நானா மறுபடி எடுக்கப்போகிறேன், எடுப்பது இங்கே கூட்டிப் பெருக்குகிற அஞ்சலையக்கா, அவள் கையில் ஒட்டும். அதை நினைத்ததும் திரும்பிப் போய்க் கோப்பையை எடுத்துக் குழாயடியில் கழுவி வைத்தேன். இப்படித்தான் நான். யாரும் பார்க்காத இடத்தில் எல்லாம் சுத்தமாகச் செய்வேன். நாலு மணிக்குக் கருத்தரங்கு, இன்னும் இரண்டு நிமிடம்.

முன்வரிசை ஓரத்தில் சின்ன மேசை, அதில் என் மடிக்கணினி. என் ஆராய்ச்சி வழிகாட்டி குலசேகரன் சாருடைய கணினிக்கும் எங்கள் கருத்தரங்கக் கூடத்து புரொஜெக்டருக்கும் என்றைக்கும் ஒத்துவந்ததில்லை. சாருக்குக் கையில் வைத்து அழுத்துகிற ரிமோட்டும் பிடிக்காது. டீவி பார்க்கிற மாதிரி இருக்கு என்பார். அதனால் என் கணினி, என் விரல். ஸ்லைடு மாற வேண்டிய இடத்தில் அவர் "நெக்ஸ்ட்" என்றுகூடச் சொல்வதில்லை. "ம்" என்பார். வாயைத் திறக்காத ஒரு ம். திரும்பிப் பார்க்காமல், கையில் இருக்கிற சாக்பீஸை உருட்டிக்கொண்டே, ம். நான் அழுத்துவேன். நாலு வருடத்தில் பதினெட்டு கருத்தரங்கு, மூன்று வெளியூர், ஒரு ஸ்லைடுகூட முந்தியோ பிந்தியோ போனதில்லை. நல்ல பெயர் எடுத்துவிட்டேன். ஸ்லைடு தள்ற அக்கா. முதல் ஸ்லைடில் தலைப்பு: ஒருங்கிசைவான குவாண்டம் புலக் கோட்பாடுகளில் வெப்பநிலைத் தொடர்புகள். அவர் பெயர் தடித்த எழுத்தில். கீழே "உடன்: மா. வடிவு" என்று சின்னதாக நான். இன்று மாலை ஆறு மணிக்கு இதே தலைப்பில் கட்டுரை இணையத்தில் ஏறும், அதில் என் பெயர் இரண்டாவது. முப்பதாம் தேதிக்குள் மூன்று ஊர்களில் நான் விண்ணப்பித்த வேலைகளுக்கு சார் எனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். இது மூன்றும் ஒன்றோடொன்று கட்டியிருக்கிறது. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் வரும். மொத்தம் இருபத்து நான்கு ஸ்லைடு. இருபத்து மூன்றாவதில் அந்தப் படம். கடைசியில் நன்றி. ஏசியிலிருந்து ஈரச்சாக்கு வாடை வருகிறது, வடிகட்டியை யாரும் கழுவுவதில்லை, நாற்பது பேர் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று மறுபடி ஒருதரம் என் மூக்குக்குள் நுழைகிறது. டச்பேடில் எண்ணெய் விரல்தடம், என்னுடையது இல்லை. காலையில் சார் தொட்டார். துடைத்தேன். துப்பட்டா நுனியில் அந்த எண்ணெய் இப்போது. ம். அழுத்தினேன்.

ஐந்தாவது ஸ்லைடு எனக்குப் பிடிக்கும், பிடித்திருந்தது. ஒரே கோட்டில் ஓடுகிற துகள்கள். சாதாரண உலகத்தில் இரண்டு மோதினால் நாலாகும், தெறிக்கும், ஒன்று காணாமல் போகும். இந்தக் கோட்பாடுகளில் அப்படி இல்லை. எத்தனை முறை மோதினாலும் யாரும் அழிவதில்லை, யாரும் புதிதாக வருவதில்லை, ஒவ்வொன்றும் தன் வேகத்தோடே வெளியே வரும். மோதலின் ஒரே அடையாளம் ஒரு சின்னத் தாமதம். வந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் வரும், அவ்வளவுதான். முதல் வருடம் இதைப் படித்தபோது விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன். இது நான் அல்லவா. அம்பாசமுத்திரத்திலிருந்து இங்கே வந்து யாரோடும் பேசாமல், நடைபாதையில் எதிரே ஆள் வந்தால் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல ஒதுங்கி நின்று, அவர் போனபின் நடந்து, எல்லார் வழியாகவும் புகுந்து வெளியே வந்து, ஒன்றும் ஆகாமல், கொஞ்சம் தாமதமாக மட்டும். மெஸ்ஸில் யாராவது "வடிவு, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டால் பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வரும். நல்ல பதிலாக வரும். சார்கூட முதல் வாரத்தில் ஒரு ஜோக் அடித்தார். இந்தக் கணக்குகளில் வடிவக் காரணி என்று ஒன்று உண்டு, எந்தத் துகளைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்வது. "இனிமே அதுக்கு வடிவுக் காரணின்னு பேரு வச்சிடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும். எனக்கு அப்போது உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இப்போது ஞாபகம் வருகிறது, ஆறின பஜ்ஜியைக் கடித்ததுபோல வாய் முழுக்கக் கொழகொழவென்று. சார் பேசுகிறார், கடைவாயில் ஒரு வெள்ளை நூல், எச்சில், ஒவ்வொரு பகரத்துக்கும் மகரத்துக்கும் நீண்டு நீண்டு அறாமல் நிற்கிறது. நான் அதைப் பார்க்கக் கூடாது. பார்க்கிறேன். ம்.

பன்னிரண்டு, பதின்மூன்று. இப்போது சூடு. அந்தக் கோட்டை அடுப்பில் வைத்ததுபோல வெப்பம் கொடுத்தால் துகள்கள் கூட்டமாக ஓடும். கேள்வி ஒன்றே ஒன்று. இங்கே ஒரு இடத்தில் தொட்டால், தள்ளி இன்னொரு இடத்தில், கொஞ்ச நேரம் கழித்து, அது எவ்வளவு தெரியும்? அந்தத் தெரிதலுக்குத்தான் தொடர்பு என்று பெயர். சார் பதினோரு வருடத்துக்கு முன்னால் இதற்கு ஒரு சூத்திரம் ஊகித்தார். ஊகித்தார் என்பதுதான் சரியான சொல், அவரே அந்தக் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அப்போது நேர்மையாக இருந்திருக்கிறார். சூடே இல்லாத காலியான கோட்டில் கிடைத்த விடைகளை எடு, எந்த வேகத்தில் எத்தனை துகள் ஓடும் என்கிற எடையால் பெருக்கு, கூட்டு. அழகான சூத்திரம். ஒரே ஒரு இடத்தைப் பற்றிக் கேட்டால் சரியான விடை தரும். இரண்டு இடங்களைப் பற்றிக் கேட்டால் தப்பு. ஏனென்றால் இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு கூட்டம் நிற்கிறது, அதில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கொஞ்சம் தள்ளுகிறார்கள், அந்தச் சின்னத் தாமதங்கள் எல்லாம் சேர்கின்றன. சூத்திரம் நடுவில் நிற்கிறவர்களை மறந்துவிட்டது. உள்ளே போகிற துகளும் வெளியே வருகிற துகளும் ஒரே வேகத்தில் இருக்கும் இடத்தில் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும். ஒரு முடிவிலியிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும், எல்லாரும் கழிப்பார்கள். கழித்தால் பூஜ்யம் என்று சார் எடுத்துக்கொண்டார். பூஜ்யம் இல்லை. ஒன்று மிஞ்சுகிறது. மே மாதம், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, நூலக இரண்டாவது மாடியில், நாலாவது முறை சரிபார்த்தபோதும் அது மிஞ்சி நின்றது. நோட்டின் எழுபத்தெட்டாம் பக்கம், மூன்றே வரி. உடம்பெல்லாம் சில்லென்று ஆனது, பயம் என்று நினைத்தேன், சந்தோஷம் என்று தெரிய ஒரு நாள் ஆனது, அதிலும் தாமதம். சாரிடம் கொண்டுபோனேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையின் வெள்ளை நாரை நகத்தால் பிய்த்துப் பிய்த்து என் நோட்டின் ஓரத்திலேயே வைத்தார். பார்த்தார், மூன்று வரியையும் பார்த்தார், அவருக்குப் புரிந்தது, புரிந்த கணம் எனக்குத் தெரியும், நார் பிய்க்கிற விரல் நின்றது. பிறகு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "இது எச்சம்மா" என்றார். "எச்சத்தையெல்லாம் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா? அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்." கணக்கில் எச்சம் என்றால் மிஞ்சிய பகுதி. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவள், எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். அவருக்கும் தெரியும். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தேன். வெளியே ஜன்னல் கட்டையில் புறா. நான் என்ன சொன்னேன்? ம் என்றேன். நார் ஒட்டிய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்தில் இன்னும் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கிறது, முகர்ந்தால் புளித்த வாடை வரும்.

பதினேழு. சார் சாக்பீஸால் திரையின்மேலேயே கோடு போடப்போய் எல்லாரும் பதறி, அவரே சிரித்து, கூடம் சிரித்து, இதுவும் ஒவ்வொரு முறையும் நடப்பதுதான், தவறியதுபோல் செய்வார், மூன்றாவது கருத்தரங்கில் கண்டுபிடித்தேன். பதினேழு என்றால் புள்ளிகளும் பதினேழு. சூத்திரத்தைத் தொடாமல், கணினியில் துகள் துகளாக நேரடியாக ஓட்டிப் பார்த்து எடுத்த எண்கள். ஒரு புள்ளிக்கு நாற்பது நாள் கணினி ஓடியது. இரண்டு வருடம். மின்சாரம் போய் ஏழாவது புள்ளியை மூன்று முறை எடுத்தேன். பதினோராவது புள்ளி ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு டைஃபாய்டு, வார்டில் படுத்துக்கொண்டு ஃபோனில் அது எத்தனை சதவீதம் முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மா, "என்ன கிரிக்கெட்டா பாப்பா?" என்று கேட்டாள். சூத்திரம் ஒரு கோடு, புள்ளிகள் தனி. முதல் ஆறு புள்ளி கோட்டின் மேலேயே உட்காரும். ஏழிலிருந்து இறங்கும். பதினேழில் கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் தெளிவாக வெள்ளை இடைவெளி, நூற்றுக்கு நாலு. என் எழுபத்தெட்டாம் பக்கத்து மூன்று வரியைக் கோட்டோடு சேர்த்தால் கோடு தானாக இறங்கிப் பதினேழு புள்ளியின் நடுமையத்திலும் புகுந்து போகும். பார்த்தது நான் ஒருத்தி. இன்று காலை பத்தரை மணிக்கு சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் மெது வடை, காகிதத்தில். "படம் எல்லாம் சரியா இருக்கு வடிவு. புள்ளிதான் ரொம்பச் சின்னதா இருக்கு. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குக் கண்ணு தெரிய வேணாமா? கொஞ்சம் பெருசு பண்ணு." அளவு இரண்டு என்று இருந்தது. மூன்று ஆக்கினேன். "இன்னும் கொஞ்சம்." ஐந்து. "இன்னும்." ஆறு. கண் டாக்டரிடம் கண்ணாடி மாற்றி மாற்றி வைத்து இப்ப, இப்ப என்று கேட்பார்களே, அதுபோல, ஆனால் தலைகீழாக, எப்போது தெரியாமல் போகிறது என்று. ஏழில் பதினாறாவது புள்ளி கோட்டைத் தொட்டது. எட்டில் பதினேழாவது. "ஹாங். அங்கயே நிறுத்து." வடைத் துணுக்கு ஒன்று என் தோளில் விழுந்தது. அவரே கை நீட்டி டச்பேடைத் தொட்டுப் படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "அருமை. கைகுடுத்து வச்ச மாதிரி ஒட்டுது பாரு." மறை என்று அவர் சொல்லவில்லை. மறைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் பார்வையற்றவர்களுக்கு உதவுகிற மாதிரி பேசிக்கொண்டோம். எட்டு என்று அடித்தது என் விரல். அதுதான், அதை நினைக்கும்போதுதான், அவருடைய எச்சில் நூலைவிட, ஆரஞ்சு நாரைவிட, என் ஆள்காட்டி விரல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது, யாரோ கழற்றி வைத்த விரலை என் கையில் ஒட்டினதுபோல. காலையிலிருந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அவசரத்தில் கணினியில் படம் வரைகிற அந்த ஜன்னலை மூடவில்லை. ஸ்லைடுகளுக்குப் பின்னால் அது இன்னும் திறந்தே கிடக்கிறது. புள்ளி அளவு, எட்டு. சுட்டி எட்டுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டு.

அக்கா கல்யாணத்தன்று என் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், ஒரு கட்டி. காலையில் எழுந்ததும் இருந்தது, உச்சியில் மஞ்சளாக முனை விட்டு. அம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, போட்டோக்காரன் வார நேரத்துக்கா இது வரணும்?" என்றாள், ஏதோ நான் வரவழைத்ததுபோல. ஒட்டுப்பொட்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் எப்போதும் வைப்பது கடுகு அளவு. அதை வைத்தால் கட்டி நாலு பக்கமும் தெரிந்தது. அடுத்த அளவு, அடுத்த அளவு, கடைசியில் அட்டையின் மேல்வரிசையில் இருந்த, கல்யாணமான பெண்கள் வைக்கிற பெரிய மெரூன் வட்டம். அமுக்கி ஒட்டினாள். வலியில் கண்ணில் நீர் வந்தது. "பெரிய பொட்டா வச்சா ஒண்ணும் தெரியாதுல்லா. முகத்துக்கு லட்சணமாவும் இருக்கு." எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், வடிவு இன்னைக்கு எவ்வளவு லட்சணமா இருக்கா. பந்தியில் பாயசம் ஊற்றும்போது உள்ளே விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரி எடுக்கப் பார்த்தால் பசை தோலோடு பிடித்துக்கொண்டது. இழுத்தேன். பொட்டோடு ஒரு வட்டத் தோலும் வந்தது, அடியில் சீழ், பொட்டின் மெரூன் சாயம் கலந்து இளஞ்சிவப்பாக. அந்தப் பொட்டைக் குப்பையில் போடப் பயந்து, யாராவது பார்ப்பார்கள் என்று, குளியலறைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் ஒட்டினேன். அங்கேயே அது காய்ந்து கறுத்துக் கிடந்தது, ஆறேழு மாதம். தினமும் பல் தேய்க்கும்போது முன்னால் என் முகம், பின்னால் அது. கல்யாண ஆல்பத்தில் நான் லட்சணமாகத்தான் இருக்கிறேன். அம்மா அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள், ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் இளஞ்சிவப்புச் சீழ் ஞாபகம் வருகிறது, வேறு யாருக்கும் வராது. வடு இன்னும் இருக்கிறது. விரலால் தடவினால் தெரியும். தடவுகிறேன். ம். அழுத்த ஒரு கணம் பிந்திவிட்டேன். சார் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு கருத்தரங்கில் முதல் முறை. புன்னகைத்தார். "வடிவு தூங்கிட்டா போல" என்றார், கூடம் சிரித்தது. தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற இருவரும் மூன்றாம் வரிசையிலிருந்து சிரித்தார்கள். அதுவா. அழுத்தினேன்.

இருபது, இருபத்தொன்று. ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஆறு மணிக்குக் கட்டுரை ஏறும். படத்துக்குக் கீழே இப்போதே எழுதியிருக்கிறது, நான்தான் எழுதினேன், எல்லாரும் எழுதுகிற வரி: பிழைக்கோடுகள் புள்ளிக்குள் அடங்கும். எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டுகிற கோடுதான் பிழைக்கோடு. பொய்யே இல்லை. கணினிப் பிழை மிகச் சின்னது, அடங்கத்தான் செய்யும். கூடவே நூற்றுக்கு நாலும் அடங்கும், என் இரண்டு வருடமும், எழுபத்தெட்டாம் பக்கமும், டைஃபாய்டு வார்டும் அடங்கும். எத்தனை வசதியான வரி. பிறகு வேறு எங்கேயோ யாரோ ஒருவர் அந்த எச்சத்தைக் கண்டுபிடிப்பார், நிச்சயம் கண்டுபிடிப்பார், அது அங்கேதான் இருக்கிறது. அவர் எங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஏன் இவர்கள் புள்ளி இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்பார். வரைந்தது யார் என்று பார்ப்பார். மா. வடிவு. அடுத்த பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றாரே, பார்ப்பாரா? மாட்டார், இந்தப் படம் வந்தபின் அடுத்த பேப்பர் கிடையாது, எதற்கு அடுத்தது, கைகொடுத்து வைத்த மாதிரி ஒட்டுகிறதே. ஏதாவது செய்தால்? கடிதம் இல்லை. மூன்று ஊரும் இல்லை. ஐந்தாவது வருடம் உதவித்தொகை நீட்டிப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும். அம்மா கேட்பாள், ஏட்டி, அவரு சொன்னாக் கேட்டுட்டுப் போவேண்டியதுதானே. என்ன செய்வேன், எழுந்து பேசுவேனா? எனக்குப் பேச்சு வராது. வாய்மொழித் தேர்வில் "ஆமாம்" என்று சொல்லவே தண்ணீர் குடித்தேன். ஒருங்கிசைவான துகள் நான், எல்லார் வழியாகவும் புகுந்து வெளியே வருகிறவள், என் வேகம் மாறாது, என்னால் யார் வேகமும் மாறாது. ஆனால் அது பொய். அதைத்தானே மே மாதம் கண்டுபிடித்தேன். நடுவில் நிற்கிற ஒவ்வொன்றும் தள்ளுகிறது. நடுவில் நிற்கிறவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை தப்பு. நாக்கின் அடியில் உப்புத்தண்ணீர் ஊறுகிறது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. விழுங்கினேன். ம். இருபத்து இரண்டு. ம். இருபத்து மூன்று.

படம் வந்தது. திரையில் இன்னும் பெரிதாக இருந்தது. பதினேழு கறுப்பு வட்டங்கள், வெல்லத்தில் மொய்த்த ஈக்களைப்போல, கோடு அவற்றின் அடியில் எங்கேயோ. சார் இரண்டு கையையும் விரித்தார். "இதுக்கு மேல நான் பேச வேணாம். படம் பேசும்." யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள். கேள்விகள்? கடைசி வரிசையில் கனகவல்லி மேடத்தின் கை எழுந்தது. எதிர்க் கட்டடத்து ஆய்வகத்துக்காரர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். யார் என்ன பேசினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி, அதனால் அவர் கை தூக்கும்போதே மாணவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தார்கள். "குலசேகரன், புள்ளிக்குப் பிழைக்கோடு எங்க?" "புள்ளிக்குள்ளயே அடங்கிடும் மேடம்." "அவ்ளோ பெரிய புள்ளிக்குள்ள ஒரு குடும்பமே அடங்கிடுமேப்பா." கூடம் வெடித்துச் சிரித்தது. சாரும் சிரித்தார், அந்த நூல் அறுந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். "பின்னாடி உக்காந்திருக்கிற உங்களுக்காகத்தான் மேடம் பெருசு பண்ணோம்." "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, போன மாசந்தான் ஆபரேஷன் பண்ணேன். சின்னதாப் போட்டா எப்படி இருக்கும்?" "இதே மாதிரிதான் இருக்கும்." "யாரு போட்ட படம்?"  சார் என் பக்கம் கையை நீட்டினார், மெதுவாக. "நம்ம வடிவுதான். கேளுங்களேன். வடிவு, சொல்லும்மா, உள்ளதானே அடங்குது?" நாற்பது தலைகள் திரும்பின. நாற்காலிகள் கிறீச்சிட்டன. மூன்றாம் வரிசைப் பையன் பிஸ்கட் தூள் ஒட்டிய வாயோடு என்னைப் பார்த்தான், முதல் முறையாக முகத்தை. கேட்டது ஒரே எழுத்து. இருபத்தேழு வயது வரை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், வாயைக்கூடத் திறக்க வேண்டாம், மூக்கால் சொன்னால் போதும். ஏசி தடதடத்து நின்றது. வெளியே கட்டையில் புறாக்கள் தொண்டைக்குள் உருட்டுகிற சத்தம் திடீரென்று கூடத்துக்குள்ளேயே கேட்டது. கனகவல்லி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கம்போலப் பதில் இரண்டு நாள் தள்ளி எங்கேயோ குளியலறையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "பயந்த சுபாவம்" என்றார் சார், கூடத்தைப் பார்த்து. "அடங்குதுன்னுதான் அர்த்தம்." திரையின் பக்கம் திரும்பி, சாக்பீஸை உருட்டிக்கொண்டு, நன்றி ஸ்லைடுக்காக, "ம்" என்றார்.

எஸ்கேப்பை அழுத்தினேன். ஸ்லைடு போய், காலையில் மூடாமல் விட்ட ஜன்னல், அதே படத்தோடு, திரை முழுக்க விரிந்தது. "ம்" என்றார் சார் மறுபடி. புள்ளி அளவில் இருந்த எட்டை அழித்தேன். இரண்டு என்று அடித்து என்டரைத் தட்டினேன்.